‘மிட்டெர்ம்’ தேர்தலுக்குத் தமிழில் என்ன பெயர்? அர்ஜென்டினாவை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

2025 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை அர்ஜென்டினாவில் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. கீழவையின் 257 இடங்களில் 127-க்கும், மேலவையின் 72 இடங்களில் 24-க்கும் வாக்களித்தார்கள். அதிபர் ஹவியர் மிலேய் அதில் வேட்பாளர் அல்ல. 2023 டிசம்பர் 10-இல் தொடங்கிய அவருடைய பதவிக்காலம் நான்கு ஆண்டு. முடிவு எப்படி வந்திருந்தாலும் அவர் நாற்காலி அசையாது. இப்படிப்பட்ட தேர்தலைத்தான் ஆங்கிலத்தில் ‘மிட்டெர்ம்’ என்கிறார்கள். தமிழில் ஒருவர் இதை இடைத்தேர்தல் என்கிறார், இன்னொருவர் இடைக்காலத் தேர்தல் என்கிறார். இரண்டுமே வாசகரைத் தவறான இடத்துக்கு இட்டுச்செல்கின்றன.

இடைத்தேர்தல் என்றால் நமக்கு ஒரே பொருள்தான். உறுப்பினர் இறந்தோ, விலகியோ, தகுதி இழந்தோ காலியான ஒரு தொகுதிக்கு மட்டும் நடக்கும் தேர்தல். 2017-இல் ஆர்.கே. நகர், 2024-இல் விக்கிரவாண்டி, 2025-இல் ஈரோடு கிழக்கு. அர்ஜென்டினாவின் கீழவைக்கு இந்த வழக்கமே கிடையாது. ஓர் இடம் காலியானால், அதே கட்சிப் பட்டியலில் அடுத்து நிற்கும் அதே பாலினத்தவர் வந்து உட்காருவார். ஆக, இடைத்தேர்தலே இல்லாத நாட்டில் இடைத்தேர்தல் நடந்ததாக நாம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

இடைக்காலத் தேர்தலில் சிக்கல் இன்னும் ஆழமானது. இந்திய ஆங்கிலத்தில் ‘மிட்டெர்ம் போல்’ என்பது, அவையை முன்கூட்டியே கலைத்துவிட்டு, உரிய காலத்துக்கு முன் நடத்தும் முழுத் தேர்தல். 1971 மக்களவைத் தேர்தல் அப்படி ஓராண்டு முன்னதாக வந்தது. தமிழகச் சட்டமன்றத்தையும் கலைத்து அதனோடு சேர்த்தே நடத்தினார்கள். 1980, 1998, 1999 தேர்தல்களும் இந்த வகைதான். இவற்றுக்குத் தமிழ் நாளிதழ்கள் வைத்த பெயர் இடைக்காலத் தேர்தல். அர்ஜென்டினாவில் நடந்ததோ, நாள் முன்பே குறிக்கப்பட்ட, அரசமைப்பே விதித்த தேர்தல். எதையும் யாரும் கலைக்கவில்லை. போதாததற்கு, ‘இடைக்கால’ என்ற அடைக்கு நம் வழக்கில் ‘தற்காலிகமான’ என்ற நிறமும் ஏறிவிட்டது: இடைக்கால ஜாமீன், இடைக்கால பட்ஜெட், இடைக்கால அரசு. இப்படித் தேர்ந்தெடுக்கப்படும் உறுப்பினர் முழு நான்கு ஆண்டும் இருப்பார். அதில் தற்காலிகம் எதுவும் இல்லை.

மூலச் சொல்லைப் பிரித்தால் ‘மிட்’ என்பது நடு. ‘டெர்ம்’ என்பது எல்லைக்கல்லைக் குறித்த ‘டெர்மினஸ்’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. எல்லை என்ற பொருள் விரிந்து, எல்லை கட்டிய காலம் என்றாகி, பிறகு பதவிக்காலம், பள்ளிப் பருவம் இரண்டுக்கும் பெயரானது. தேர்தலைக் குறிக்கும் ‘மிட்டெர்ம்’ அமெரிக்க வழக்கு. அங்கே அதிபருக்கு நான்கு ஆண்டு, கீழவைக்கு இரண்டு ஆண்டு. அதனால் ஒவ்வோர் அதிபர் காலத்தின் நட்டநடுவிலும் ஒரு தேர்தல் வந்தே தீரும். அர்ஜென்டினா ஊடகங்கள் இதை ‘மெடியோ தெர்மினோ’ என்று ஸ்பானிய மொழியில் வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டன. மெக்சிகோவில் ‘இன்டெர்மெடியா’ என்கிறார்கள். அர்ஜென்டினாவின் அதிகாரப்பூர்வப் பெயர் வெறுமனே ‘சட்டமன்றத் தேர்தல்’, அதாவது நாட்டின் சட்டம் இயற்றும் அவைக்கான தேர்தல்.

வரலாற்றைப் பார்த்தால் அந்த எளிய பெயர்தான் நேர்மையானது. 1853 அரசமைப்பே கீழவை உறுப்பினருக்கு நான்கு ஆண்டு, அவையின் பாதி இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் என்று எழுதிவிட்டது. முதல் அவையில் யார் பாதியில் வெளியேறுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவும் அதிலேயே வழி சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அன்று அதிபரின் காலம் ஆறு ஆண்டு. 1983-இல் பதவியேற்ற ரவுல் அல்ஃபோன்சின் 1985-இல் ஒன்று, 1987-இல் ஒன்று என இரண்டு தேர்தல்களைச் சந்தித்தார். இரண்டில் எதுவும் நடுவில் இல்லை. 1994 திருத்தம் அதிபர் காலத்தை நான்கு ஆண்டாகக் குறைத்த பிறகுதான் கணக்கு நேரானது: 1997, 2001, 2005, 2009, 2013, 2017, 2021, 2025. அதற்கு முந்தைய அர்ஜென்டினத் தேர்தல்களைப் பற்றி எழுதும்போது ‘பாதிப் புதுப்பிப்புத் தேர்தல்’ என்பதே பொருந்தும்.

அவையை ஒரே மூச்சில் மாற்றாமல் பகுதி பகுதியாகப் புதுப்பிப்பது நமக்கும் புதிதல்ல. மாநிலங்களவையில் மூன்றில் ஒரு பங்கினர் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஓய்வு பெறுகிறார்கள். அங்கே வாக்களிப்பவர்கள் சட்டமன்ற உறுப்பினர்கள். அர்ஜென்டினாவில் மக்கள் நேரடியாக வாக்களிக்கிறார்கள்.

இனி தமிழ்ப் பெயர். ‘இடைப்பருவத் தேர்தல்’ என்று சிலர் சொல்லக்கூடும். இடைப்பருவத் தேர்வு தமிழகப் பள்ளிகளில் புழங்கும் சொல். ஆனால் பதவியைப் ‘பருவம்’ என்று நாம் சொல்வதில்லை. இலங்கையில் பள்ளிக் காலத்தைத் தவணை என்பார்கள், ஆகவே ‘நடுத்தவணைத் தேர்தல்’ அங்கே உடனே விளங்கும். தமிழகத்தில் தவணை என்றதும் கடன்தான் முன்னால் வந்து நிற்கும். இரு கரைக்கும் பொதுவாக விளங்குவது ‘பதவிக்கால நடுத்தேர்தல்’. முதல்முறை இப்படி முழுதாக எழுதிவிட்டு, பிறகு ‘நடுத்தேர்தல்’ என்று சுருக்கிக்கொள்ளலாம். நடுப்பகல், நடுநிசி, நடுவயது என்ற வரிசையில் அது இயல்பாகவே உட்காருகிறது.

அர்ஜென்டினாவில் 23 மாகாணங்கள், அவற்றோடு தலைநகர் புவெனஸ் அயர்ஸ், ஆக 24 தேர்தல் மாவட்டங்கள். ஒரு மாவட்டத்துக்குப் பல உறுப்பினர்கள். கட்சிகள் பட்டியல் தருகின்றன. இலங்கை வாசகர்களுக்கு இந்த அமைப்பு பழக்கமானதுதான், ஆனால் அர்ஜென்டினாவில் விருப்பு வாக்கு, அதாவது பட்டியலில் பிடித்த வேட்பாளரைத் தனியே குறிப்பது, கிடையாது. பட்டியல் மூடியது: பெயர் வரிசையைக் கட்சி தீர்மானிக்கும், வாக்காளர் மாற்ற முடியாது. 2017 சட்டப்படி அந்த வரிசையில் பெண்ணும் ஆணும் மாறி மாறி வர வேண்டும். இடப் பங்கீடு 1980 மக்கள்தொகைக் கணக்கை வைத்து, 1983-இல் ராணுவ ஆட்சி தன் கடைசி மாதங்களில் போட்டது. எந்த மாகாணத்துக்கும் ஐந்துக்குக் குறையாது என்பதும் அதில் உண்டு. இன்றுவரை அதே அளவுதான். அதனால் நாட்டு மக்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் வாழும் புவெனஸ் அயர்ஸ் மாகாணத்துக்கு 70 இடங்கள்தான், அதாவது 27 விழுக்காடு. நடுத்தேர்தலில் அந்த 70-இல் 35 மட்டும் வாக்குக்கு வரும்.

இடங்களைப் பிரிப்பது டோண்ட் முறையில். பெல்ஜியச் சட்ட அறிஞர் விக்டர் டோண்ட் (1841–1901) பெயரால் வழங்கும் இதை ‘வகுத்தல் முறை’ என்று தமிழில் சொல்லலாம். ஒவ்வொரு கட்சியின் வாக்கையும் 1, 2, 3, 4 என வகுத்துக்கொண்டே போக வேண்டும். கிடைத்த ஈவுகளையெல்லாம் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, எத்தனை இடமோ அத்தனை ஈவுகளை மேலிருந்து எடுத்தால் முடிந்தது. ஈவு யாருடையதோ இடம் அவருக்கு.

ஐந்து உறுப்பினர் கொண்ட சிறு மாகாணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நடுத்தேர்தலில் அங்கே இரண்டோ மூன்றோ இடங்கள்தான் வரும். மூன்று இடம் என்று வைத்து, கட்சிகளுக்கு 48, 26, 20 விழுக்காடு கொடுத்துப் பாருங்கள். முதல் கட்சியின் ஈவுகள் 48, 24, 16. மேலிருந்து எடுத்தால் 48, 26, 24. முதல் கட்சிக்கு இரண்டு, இரண்டாம் கட்சிக்கு ஒன்று. ஐந்தில் ஒருவர் வாக்கைப் பெற்ற மூன்றாம் கட்சிக்கு எதுவும் இல்லை. விகிதாசாரம் என்ற பெயரை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். வாக்குக்கு வரும் இடம் குறையக் குறைய விகிதாசாரமும் தேயும். அவையைப் பாதி பாதியாகப் புதுப்பிப்பதன் விலை இது, சிறிய கட்சிகள்தான் அதைக் கொடுக்கின்றன.

35 இடங்கள் உள்ள புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தில் கதை வேறு. 2025-இல் மிலேயின் லா லிபர்டாட் அவான்சா கூட்டணி சுமார் 41.4, முன்னாள் அதிபர் ஹுவான் பெரோன் வழிவந்த பெரோனியர்களின் ஃபுவெர்சா பாட்ரியா சுமார் 40.9, இடதுசாரி முன்னணி சுமார் 5 விழுக்காடு பெற்றன. இடங்கள் முறையே 17, 16, 2. கடைசி இடம் எப்படிப் போனது என்று போட்டுப் பாருங்கள். 41.4-ஐ 17-ஆல் வகுத்தால் 2.435, 40.9-ஐ 17-ஆல் வகுத்தால் 2.406. இந்த நூலிழையில்தான் 35-ஆம் இடம் தீர்மானமானது. இடதுசாரிகளின் 5-ஐ இரண்டால் வகுத்தால் 2.5. அதனால் அவர்களுடைய இரண்டாம் உறுப்பினர், இரு பெரிய அணிகளின் 17-ஆவது ஈவுகளுக்கும் முன்னால் வந்துவிட்டார்.

வகுக்கத் தொடங்குமுன் ஒரு வாசற்படி உண்டு: அதைத் தாண்டாத கட்சியின் வாக்கு வகுத்தலுக்கே வராது. இலங்கை வழக்கில் அது வெட்டுப்புள்ளி. நல்ல சொல், தமிழகத்திலும் எடுத்துக்கொள்ளலாம். அர்ஜென்டினாவில் அது 3 விழுக்காடு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். இலங்கையின் 5 வீதம் மாவட்டத்தில் விழுந்த செல்லுபடியான வாக்கில்; அர்ஜென்டினாவின் 3 விழுக்காடு மாவட்டத்தின் வாக்காளர் பட்டியலில் உள்ள மொத்தப் பெயர்களில். 2025-இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 68 விழுக்காட்டினரே வாக்களித்தார்கள். 18 முதல் 70 வயதுவரை வாக்களிப்பது கட்டாயமாக உள்ள நாட்டில் இது மிகக் குறைவு. அந்த வருகைக்கு, பட்டியலில் 3 என்பது விழுந்த வாக்கில் 4.4 ஆகிவிடும். வாக்காளர் வீட்டில் இருந்துவிட்டால் சிறு கட்சிக்கு வாசற்படி உயர்கிறது.

மேலவைக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை. ஒவ்வொரு மாவட்டத்துக்கும் மூன்று உறுப்பினர்: முதலிடம் பெற்ற பட்டியலுக்கு இரண்டு, அடுத்ததற்கு ஒன்று. காலம் ஆறு ஆண்டு. ஒவ்வொரு முறையும் எட்டு மாவட்டங்கள் மட்டும் மேலவைக்கு வாக்களிக்கும். மற்ற 16 மாவட்டங்களின் வாக்காளர்களுக்கு அன்று கீழவை மட்டும்தான்.

2025-இன் பெரிய மாற்றம் வாக்குச்சீட்டில். அதுவரை ஒவ்வொரு கட்சியும் தன் சீட்டைத் தானே அச்சிட்டு வந்தது. ‘இருட்டறை’ என்று அழைக்கப்படும் தனியறையில் மேசைமேல் கட்டுக் கட்டாகச் சீட்டுகள் கிடக்கும். வாக்காளர் ஒன்றை எடுத்து உறையில் போட்டு, வெளியே வந்து பெட்டியில் இடுவார். எதிர்க்கட்சிக் கட்டை யாராவது தூக்கிக்கொண்டு போனாலோ தீர்ந்துபோனாலோ அந்தக் கட்சிக்கு வாக்களிக்க வழி இருக்காது. அதனால் ஒவ்வொரு பள்ளியிலும் காவலுக்கு ஆள் வைக்க முடிந்த கட்சிக்கே வலு. 2024 அக்டோபரில் நிறைவேறிய சட்டத்தால் இப்போது அரசே ஒற்றைச் சீட்டு அச்சிடுகிறது: கட்சிகள் நெடுக்கு வரிசையில், பதவிகள் குறுக்கு வரிசையில். சாவடி அலுவலர் தரும் சீட்டில், ஒரு பதவிக்கு ஒரு கட்டத்தில் பேனாவால் குறியிட வேண்டும். ஒரே பதவிக்கு இரண்டு கட்சிக் கட்டங்களில் குறியிட்டால் அது செல்லாத வாக்கு. எதிலும் குறியிடாமல் விட்டால் அது வெற்று வாக்கு. இரண்டும் வேறு வேறு, கணக்கிலும் தனித்தனியாகவே எழுதப்படுகின்றன.

ஒற்றைச் சீட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு, முதல் தேர்தலிலேயே அது தெரிந்தது. புவெனஸ் அயர்ஸ் மாகாணத்தில் மிலேய் அணிப் பட்டியலின் முதல் வேட்பாளர் ஹோசே லூயிஸ் எஸ்பெர்ட், அக்டோபர் தொடக்கத்தில் ஒரு சர்ச்சையால் விலகினார். அவருடைய படத்துடன் சீட்டுகள் அச்சாகிவிட்டன. ஒரு கோடிக்கும் அதிகமான வாக்காளர்கள் உள்ள மாகாணத்தில் மறுஅச்சுக்கு நேரமில்லை என்று தேர்தல் நீதி அமைப்பு மறுத்துவிட்டது. அந்த இடத்துக்கு யார் ஏறுவது என்பதும் வழக்கானது. பட்டியலில் இரண்டாவதாக இருந்த கரேன் ரைஹார்டை முதலில் நிறுத்தினார் நீதிபதி. மேல்முறையீட்டில், விலகியவர் ஆண் என்பதால் அடுத்த ஆணான மூன்றாமவர் தியேகோ சாந்தில்லியே தலைமை ஏற்க வேண்டும் என்று தேசியத் தேர்தல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செம்பட்டைத் தலை சாந்தில்லிக்கு வாக்களிக்க மொட்டைத் தலை எஸ்பெர்ட்டுக்கு நேரே குறியிடுங்கள் என்று சொல்லியே பிரசாரம் நடந்தது. மூடிய பட்டியலில் வாக்கு கட்சிக்குத்தான் விழுகிறது, படத்தில் உள்ள முகத்துக்கு அல்ல. அந்தப் பட்டியல் வென்றது.

இத்தகைய தேர்தல் முடிவைத் தமிழில் எழுதுவோர் முதலில் பார்க்க வேண்டியது எந்த இடங்கள் வாக்குக்கு வந்தன என்பதை. கீழவையில் 2025-இல் வந்தவை 2021-இல் நிரப்பப்பட்டவை. அன்று மிலேயே தலைநகரிலிருந்து முதல்முறை உறுப்பினரான புதியவர். அவர் அணிக்கு இழக்க இடங்கள் மிகச் சில. ஆகவே 127-இல் 64 வென்றபோது அதில் பெரும்பகுதி புது வரவு. மீதி 130 உறுப்பினர்கள் 2023-இல் வந்தவர்கள், தொடர்கிறார்கள். இரண்டையும் கூட்டிய பிறகே அவையின் பலம் தெரியும். பெரும்பான்மைக்கு 129 வேண்டும். அதிபர் திருப்பியனுப்பிய சட்டத்தை மீண்டும் நிறைவேற்ற இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு தேவை, அதனால் முழுக் கீழவையும் வந்திருந்தால் 86 பேர் கையில் இருந்தாலே அதிபரின் மறுப்பு நிற்கும். புதிய உறுப்பினர்கள் பதவிக்கு வரும் நாள் டிசம்பர் 10.