பழைய காரைப் பார்வையற்றோருக்குக் கொடுக்க நினைக்கிறீர்களா? முதலில் ஆர்சியை (பதிவுச் சான்றிதழை) எடுத்துப் பாருங்கள்

சித்தப்பாவின் கார் கேரளத்துத் தென்மலை வீட்டுக் கொட்டகையில் சும்மா நின்றது. கேஎல் 25, புனலூர்ப் பதிவு, பதிமூன்று வருட வண்டி. கடைசி ஒன்பது வருடம் அவருக்குக் கண் தெரியாது, க்ளாக்கோமா. ஓட்ட முடியாமல் போன பிறகும் அதை விற்க விடவில்லை. மகன் ஓட்ட, முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆரியங்காவு மலைப்பாதையில் வளைவு வரும் முன்னாலேயே எந்தப் பக்கம் ஒடிக்கும் என்று சொல்லிக்கொண்டே வருவார். போன வருடம் காலமானார். "ஏய்யா, இதைக் கண் தெரியாத பிள்ளைகளுக்கு உதவுற இடத்துக்குக் குடுத்துரு, சித்தப்பாவுக்குச் செஞ்சதா இருக்கும்" என்று சித்தி என்னிடம் சொன்னார். நான் செங்கோட்டையில் இருக்கிறேன், அவர் மனதில் இருந்த இல்லம் திருநெல்வேலிப் பக்கம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் முடிந்தது என்றுதான் நாங்களும் நினைத்தோம். அப்படி இல்லை. அலைந்து தெரிந்துகொண்டதை, இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் விஷயம். காரைத் தானமாகக் கொடுத்தால் அரசு வரியில் கழிவு தரும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அது அமெரிக்காவில். அங்கே பார்வையற்றோருக்கான அமைப்புகள் பலவும் பழைய காரை வாங்கி, ஏலத்தில் விற்று, பணத்தைத் தங்கள் பணிக்கு எடுத்துக்கொள்ளும். கொடுத்தவருக்கு ரசீது வரும். அங்கேயும் 2005-லிருந்து பிடி இறுகிவிட்டது: 500 டாலருக்கு மேல் கழிவு கேட்டால், சில விலக்குகள் தவிர, அமைப்பு அந்தக் காரை என்ன விலைக்கு விற்றதோ அதுதான் கணக்கு. இங்கிருந்து போன உறவுக்காரர்கள் போனில் சொல்வதைக் கேட்டு நம் ஊரிலும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம்.

நம் வருமான வரிச் சட்டத்தில் நன்கொடைக்கு உரியது 80ஜி. 2025-ல் நிறைவேறிய புதிய சட்டத்தில் எண் மாறிவிட்டது, ஆனால் எல்லோர் வாயிலும் 80ஜிதான் இருக்கிறது, நானும் அப்படியே சொல்கிறேன். அதில் பணமாகக் கொடுத்தால்தான் கழிவு. அரிசி, துணி, கட்டில், கார் என்று பொருளாக எதைக் கொடுத்தாலும் ஒரு ரூபாய் கழிவு கிடையாது. பணத்திலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் செல்லாது, செக்கோ வங்கி வழியோதான். பெரும்பாலான அறக்கட்டளைகளுக்குக் கொடுத்ததில் பாதிதான் கழியும், அதற்கும் வருமானத்தை ஒட்டி ஓர் உச்சவரம்பு உண்டு. ஒரு லட்சம் கொடுத்தால் 50,000 உங்கள் வருமானத்திலிருந்து குறையும், 20 சதவீத வரியில் இருப்பவருக்குச் சுமார் 10,000 மிச்சம். புதிய வரி முறையில் கணக்குக் காட்டுபவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை. அப்புறம், அந்த இல்லத்துக்கு 80ஜி அனுமதி நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இப்போது அது குறித்த காலத்துக்குத்தான் தருகிறார்கள், புதுப்பிக்க வேண்டும். வருடம் முடிந்த பிறகு அவர்கள் வரித் துறையில் கணக்குச் சமர்ப்பித்து உங்கள் பான் எண்ணோடு சான்றிதழ் தர வேண்டும், வெறும் ரசீது போதாது.

ஆக வரியும் முக்கியம் என்றால் காரை நீங்களே விற்றுப் பணத்தைக் கொடுங்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்ற பணத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது, பயப்பட வேண்டாம்.

வரியை விடுங்கள். அந்த இல்லத்துக்குக் கார் வேண்டுமா என்று யாராவது கேட்டோமா? நாங்கள் போன் செய்தபோது பொறுப்பாளர் நேராகவே சொல்லிவிட்டார். "கார் வந்தா டிரைவருக்குச் சம்பளம், இன்சூரன்ஸ், டயர், பெட்ரோல், எல்லாம் எங்க தலையிலதான். எங்களுக்கு இப்ப ஆளுதான் வேணும், வண்டி இல்ல சார்." வெள்ளைக் கோலைப் பிடித்துத் தெருவில் தனியே நடக்கச் சொல்லித்தருவது ஒரு தனிப் பயிற்சி, அதற்கு ஆள் வேண்டும். பிரெய்ல் தாள் வாங்க வேண்டும், சாதாரணத் தாளைவிடக் கனமானது. கணினித் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் இலவசம்தான், ஆனால் கணினி இலவசமில்லை, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தருபவரும் சும்மா வர முடியாது. இதையெல்லாம் கேட்ட பிறகு, ஓர் இல்லத்தின் வாசலில் நம் பழைய காரைக் கொண்டுபோய் நிறுத்துவது பல நேரம் அவர்கள் தலையில் ஒரு செலவைக் கட்டுவதுதான் என்று எனக்குப் பட்டது. சில இடங்களில் நிஜமாகவே தேவை இருக்கும், பிள்ளைகளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வண்டி இல்லாமல் தவிப்பார்கள். அங்கே தாராளமாகக் காராகவே கொடுங்கள், ஆனால் அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் நல்ல மனதோடு ஓர் அமைப்புக்குக் கார் கொடுத்தார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டு, வாங்குபவர் பெயர் எழுதாமல் கொடுத்துவிட்டார். அவர்கள் பெயரை மாற்றாமலே வேறொருவருக்கு விற்றுவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து அந்தக் கார் ஒருவரை மோதியது, விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் இவர் வீட்டுக்கு வந்தது. இதில் சட்டம் தெளிவாக இருக்கிறது. யார் கையில் வண்டி இருந்தாலும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தானமாகக் கொடுத்தேன் என்று அங்கே சொல்லித் தப்ப முடியாது.

சரி, பெயர் மாற்றம். மோட்டார் வாகனச் சட்டம் 50-ஆவது பிரிவு. ஒரே மாநிலத்துக்குள் என்றால் கொடுப்பவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வேறு மாநிலத்துக்குப் போகிறது என்றால் 45 நாள். வாங்குபவருக்கு 30 நாள். அறக்கட்டளைக்குக் கொடுத்தால் அறக்கட்டளையின் பெயரிலேயே பதிய வேண்டும், பொறுப்பாளரின் சொந்தப் பெயரில் வேண்டாம்; பதிவுப் படிவத்தில் அறக்கட்டளை என்றே ஓர் உரிமையாளர் வகை இருக்கிறது. பத்திரம், பான், கையெழுத்திட அதிகாரம் தந்த தீர்மானம் எல்லாம் அவர்கள் தர வேண்டும். வண்டி மேல் கடன் இருந்திருந்தால் வங்கியில் படிவம் 35 வாங்கி அடமானத்தை நீக்கிய பிறகுதான் மற்றது. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் அவர்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். உங்கள் நோ கிளெயிம் போனஸ் காரோடு போகாது, அது உங்களுடையது, கம்பெனியில் கேட்டு ஒரு கடிதம் வாங்கி வைத்தால் அடுத்த வண்டிக்கு ஆகும். ஃபாஸ்டேகை மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் டோல் உங்கள் கணக்கில் கழியும்.

எங்களைப் போல மலைக்கு இந்தப் பக்கம் ஒரு கால், அந்தப் பக்கம் ஒரு கால் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இன்னொரு வேலை உண்டு. 1956 வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது, இன்றைக்கும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும்தான், ஆனால் காருக்கு புளியரையில் மாநிலம் மாறிவிடுகிறது. கேரளப் பதிவு வண்டியைத் தமிழ்நாட்டு இல்லத்துக்குக் கொடுத்தால் புனலூர் ஆர்டிஓவில் படிவம் 28 போட்டு என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்க வேண்டும். சேசிஸ் எண்ணைப் பென்சிலில் தேய்த்து எடுத்து ஒட்ட வேண்டும், வரி பாக்கி, அபராத சலான் பாக்கி எதுவும் இருக்கக் கூடாது. 30 நாளுக்குள் அவர்கள் கொடுக்கவோ காரணம் சொல்லி மறுக்கவோ வேண்டும், இரண்டும் செய்யாவிட்டால் கொடுத்ததாகவே அர்த்தம் என்று சட்டம் சொல்கிறது. அதன் பிறகு இந்தப் பக்கம் புதுப் பதிவு எண், வண்டியின் வயதுக்கு ஏற்பத் தமிழ்நாட்டு ஆயுள் வரி. அந்த வரி இல்லத்தின் தலையில் விழும் என்பதை மறக்காதீர்கள், முடிந்தால் அதையும் நீங்களே கட்டிக் கொடுங்கள். பன்னிரண்டு மாதம்வரை வேறு மாநில எண்ணோடு ஓட்டலாம் என்ற தைரியத்தில் விட்டுவிட்டால் அது அப்படியே வருடக்கணக்கில் கிடக்கும்.

உரிமையாளர் இறந்திருந்தால் இதற்கெல்லாம் முன்னால் வாரிசு பெயருக்கு மாற்ற வேண்டும், படிவம் 31. இறந்த 30 நாளுக்குள் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். துக்கத்தில் நாங்கள் அதைத் தவறவிட்டு, தாமதக் கட்டணம் கட்டினோம்.

வண்டிக்கு 15 வருடம் தாண்டிவிட்டதா? அப்படியானால் தானம் கொடுக்காதீர்கள். பதிவைப் புதுப்பிக்கவே 5,000 ரூபாய், 20 வருடம் தாண்டினால் 10,000, வேலை பார்த்து எஃப்சி (தகுதிச் சான்று) காட்டுவது தனி. அதைப் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் விடுங்கள். பழைய இரும்புக் கடையில் போடாதீர்கள் (மலை தாண்டினால் ஆக்கிரிக் கடை), அங்கே போட்டால் கார் போய்விடும், பதிவு உங்கள் பெயரிலேயே நிற்கும். மையத்தில் விட்டால் பதிவு ரத்தாகும், இரும்பு விலை உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும், ஒரு வைப்புச் சான்றிதழும் தருவார்கள். அதை வைத்துப் புதுக் கார் எடுத்தால் பதிவுக் கட்டணம் இல்லை, மாநிலம் தரும் சாலை வரிச் சலுகையும் உண்டு, சொந்தக் காருக்கு 25 சதவீதம் வரை. வந்த பணத்தை இல்லத்துக்கு அனுப்புங்கள்.

இல்லத்துக்கு வேண்டாம், தெரிந்த பார்வையற்றவர் ஒருவரின் குடும்பத்துக்கே கொடுக்கிறோம் என்றால் அதுவும் நடக்கும். ஓட்டத்தான் லைசென்ஸ் வேண்டும், உரிமையாளராக இருக்க வேண்டியதில்லை. கண் தெரியாதவர் பெயரிலேயே கார் பதியலாம், மனைவியோ மகனோ ஓட்டலாம். "கண் தெரியாதவங்களுக்கு எப்படி ஆர்சி?" என்று யாராவது இடைத்தரகர் கேட்டால் நம்பாதீர்கள்.

கார் வளைகுடாவில் இருக்கும் அண்ணன் பெயரில் என்றால், விற்ற பணத்தை அவர் இந்தியப் பாஸ்போர்ட்டோடு தன் சொந்தக் கணக்கிலிருந்து வங்கி வழி அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அந்த இல்லத்துக்கு எஃப்சிஆர்ஏ பதிவு (வெளிநாட்டு நன்கொடை வாங்குவதற்கான அரசுப் பதிவு) இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிக்கல் அவர்களுக்கு.

கடைசியில் நாங்கள் காரைச் சித்தி பெயருக்கு மாற்றி, குளத்துப்புழையில் ரப்பர் வெட்டும் ஒருவருக்கு விற்றோம். மாநிலம் மாறாததால் என்ஓசி வேலை வரவில்லை. புது ஆர்சி அவர் கைக்கு வந்ததை நாங்கள் பார்த்த பிறகுதான் சித்தி தன் கணக்கிலிருந்து இல்லத்துக்குப் பணம் அனுப்பினார், நடைப் பயிற்சி ஆசிரியரின் சம்பளத்துக்கு என்று எழுதி. ரசீதில் சித்தப்பா பெயர் வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். பணம் அனுப்பியவர் பெயரில்தான் ரசீது போட முடியும் என்றார் பொறுப்பாளர். பதிவேட்டில் மட்டும் சித்தி பெயருக்குக் கீழே சித்தப்பா பெயரை எழுதி, 'நினைவாக' என்று போட்டுக் கொடுத்தார்.