மாத்தூர் தூண்களும் நாலு வரி பைத்தானும்

பள்ளத்துக்கு மேலே தொட்டி வழியாகத் தண்ணீரைக் கொண்டுபோகும் கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடப்பவர்கள் பெரும்பாலும் கீழே ஓடும் பறளியாற்றைத்தான் எட்டிப் பார்ப்பார்கள். தூண்களைப் பாருங்கள். கரையோரம் குட்டை, நடுவில் நெட்டை. பள்ளம் எவ்வளவு இறங்கினாலும் மேலே தொட்டி கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் போனால்தான் தண்ணீர் ஓடும். மொத்தம் 28 தூண்கள். உயரமானது 115 அடி.

இதை பிளெண்டரில் (முப்பரிமாண உருவங்களைச் செய்யும் மென்பொருள்) வரைய உட்கார்ந்தேன். ஒரு தூணுக்கு நீளம், அகலம், உயரம் என்று மூன்று எண்கள். 28 தூணுக்கு 84. நாலாவது தூணிலேயே சலித்துவிட்டது. நல்லவேளை, பிளெண்டருக்குள்ளேயே பைத்தான் என்ற நிரல்மொழி இருக்கிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். உயரங்களை ஒரு பட்டியலாக எழுதி (படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் போட்டவைதான்), ஒரு ஃபார் லூப்பில் (பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அதே வேலையைத் திரும்பச் செய்யும் நிரல் வரிகள்) ஓடவிட்டால் போதும். அடியை 0.3048 ஆல் பெருக்கி மீட்டராக்கிக்கொள்ள வேண்டும்.

சரி, உள்ளே என்ன நடக்கிறது? பிளெண்டரில் புதிதாகப் போடும் கனசதுரம் பக்கத்துக்கு 2 மீட்டர். அதன் டைமென்ஷன்ஸில் (நீளம், அகலம், உயரம் குறிக்கும் இடம்) உயரம் 35 என்று கொடுத்தால், பெட்டியின் முனைகளை அது தொடுவதில்லை. 35ஐ 2 ஆல் வகுத்து, ஸ்கேல் (அசலைப் போல எத்தனை மடங்கு) 17.5 என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இழுத்த ரப்பர் மாதிரி, அசல் அளவு உள்ளே அப்படியே இருக்கிறது.

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். முதல் வரியில் அகலம், அடுத்த வரியில் உயரம் என்று தனித்தனியாகக் கொடுத்தேன். உயரம் மாறியது, அகலம் பழையபடி 2 மீட்டரிலேயே நின்றது. பிழைச் செய்தியும் வரவில்லை. காரணம், வரிக்கு வரி பிளெண்டர் அளவெடுத்துப் பார்ப்பதில்லை. இரண்டாவது வரி ஓடும்போது அதன் கையில் இருப்பது பழைய அகலம். உயரத்தோடு அதையும் சேர்த்துத் திரும்ப எழுதிவிடுகிறது. மூன்று எண்களையும் ஒரே வரியில் சேர்த்துக் கொடுத்தால் தொல்லை இல்லை.

அப்புறம் இன்னொன்று. கனசதுரத்தின் மையப்புள்ளி நடுவில் இருப்பதால், உயரம் கூட்டினால் மேலும் கீழும் சமமாக நீளும். 28 தூண்களின் தலையும் ஏறி இறங்கி, தொட்டி வைக்க இடமில்லாமல் நின்றன. தொட்டி மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, ஒவ்வொரு தூணின் மையத்தையும் அதன் பாதி உயரம் கீழே இறக்கினேன்: 20 மீட்டர் தூணுக்கு மைனஸ் 10. லூப்பில் ஒரு வரி கூடியது. ஓடவிட்டதும் தலைகளெல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. கீழே பறளியாற்றுப் பள்ளம் தானாக உருவாகியிருந்தது.