எபிரேயத்தில் ஒரே எழுத்து ஏன் இரண்டு விதமாக ஒலிக்கிறது?

எபிரேய எழுத்துகள் 22. வலமிருந்து இடமாக எழுதப்படும் இவை எல்லாமே மெய்கள். படிக்கத் தொடங்குபவரைத் தடுமாற வைப்பவை பெத், காஃப், பே என்ற மூன்றும்தான்.

எழுத்தின் வயிற்றில் புள்ளி இருந்தால் பெத் 'பஸ்' என்பதன் ப, இல்லாவிட்டால் வ. பே புள்ளியோடு 'படம்' என்பதன் ப, இல்லாவிட்டால் ஃப. காஃப் புள்ளியோடு க. புள்ளி போனால், நாக்கின் அடிப்பகுதியை உள்நாக்கருகே உயர்த்தி, அடைக்காமல் காற்றை உரசவிட வேண்டும். அந்த ஒலியை இங்கே 'ஃக்' என்று எழுதுகிறேன்.

ஆனால் செய்தித்தாளில் புள்ளி அச்சாவதில்லை. அப்புறம் எப்படி வாசிக்கிறார்கள்? பழைய விதி எளிது: சொல்லின் தொடக்கத்தில் அடைப்பொலி, உயிருக்குப் பின் உரசொலி. 'கத்தவ்' என்றால் எழுதினான். 'யிஃக்தோவ்' என்றால் எழுதுவான். இரண்டிலும் அதே காஃப்தான். நம் 'கல்', 'பகல்' இரண்டையும் சொல்லிப் பாருங்கள், இரண்டாவதில் க தளர்ந்துவிடும்.

சரி, 'ஸெஃபெர்' என்றால் புத்தகம். அதே வேரில் பிறந்த 'ஸிப்பூர்', அதாவது கதை, ஏன் 'ஸிஃபூர்' ஆகவில்லை? பழங்காலத்தில் அங்கே ப் இரட்டித்திருந்தது. 'பக்கம்' என்பதில் க் தளராததும் இரட்டிப்பால்தான். இன்றைய இஸ்ரேலியப் பேச்சில் இரட்டிப்பு மறைந்து 'ஸிபூர்' ஆகிவிட்டது, வல்லொலி மட்டும் அப்படியே நிற்கிறது. எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த இடம் இது.

இப்படி இரட்டை ஒலி கொண்டவை முன்பு ஆறு. கிமெல், தாலெத், தாவ் மற்ற மூன்று. ஏமன் யூதர்களின் மரபு வாசிப்பில் ஆறும் இன்றும் உண்டு. புள்ளியில்லாத தாவை நாக்கு நுனியைப் பற்களுக்கிடையே வைத்துச் சொல்வார்கள். கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அதையே ஸ ஆக்கினார்கள். ஓய்வுநாள் இஸ்ரேலில் 'ஷபாத்', அவர்கள் வாயில் 'ஷாபெஸ்'.

பெரிய இழப்பு அயின் என்ற எழுத்தின் ஒலி. தொண்டையை இறுக்கி, குரலோடு எழுப்ப வேண்டும். அரபியில் இன்றும் கேட்கலாம். பெரும்பாலான இஸ்ரேலியர் இப்போது அதை அலெஃப் என்ற எழுத்தைப் போலவே ஒலிக்காமல் விட்டுவிடுகிறார்கள். தெத், தாவ் என்ற இரண்டு எழுத்துகளும் ஒரே த ஆகிவிட்டன. விளைவு, 'எத்' என்று காதில் விழுந்தால் அயின்-தெத் என எழுதும் பேனாவா, அயின்-தாவ் என எழுதும் காலமா, அலெஃப்-தாவ் என எழுதும் இரண்டாம் வேற்றுமைச் சொல்லா என்பதை வாக்கியத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.