யானைத் துப்பாக்கி: பலம் சுலபம், உதைதான் பாடு

கோவை கணபதிப் பக்கம் லேத்துப் பட்டறை வைத்திருக்கும் ஒருவரிடம் பெருவிலங்கு வேட்டைத் துப்பாக்கியின் படத்தைக் காட்டினால், அவர் கண் முதலில் குழலில்தான் நிற்கும். நீளமான உருக்கு, நடுவே நேரான துளை, துளைக்குள் சுற்றிச் சுற்றி ஓடும் புரிகள். பம்ப்செட் ஷாஃப்ட் கடைந்தே பழகியவருக்கு இதில் பெரிய மாயம் ஒன்றும் தெரியாது. அவர் நினைப்பதும் பாதி சரி. பலத்தை உண்டாக்குவது அவ்வளவு கஷ்டமில்லை. பெரிய தோட்டா, அதற்குள் நிறைய வெடிமருந்து, முனையில் கனத்த குண்டு, அவ்வளவுதான். அந்தப் பலத்துக்கு ஈடாகப் பின்னால் வரும் உதையை ஒரு மனிதத் தோள் தாங்கி, அடுத்த தோட்டாவையும் பதறாமல் சுடும்படி செய்வதில்தான் வேலையே இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம். இது செய்முறை அல்ல. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு நம் நாட்டில் வேட்டை முடிந்துபோன கதை. உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதும் குழலை வெட்டுவதும் 1959-ன் ஆயுதச் சட்டப்படி குற்றம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரத் துரைகளும் ஜமீன்தார்களும் துப்பாக்கியோடு ஏறிய ஆனைமலையும் சத்தியமங்கலமும் இன்று புலிகள் காப்பகங்கள். ஆனாலும் அந்தத் துப்பாக்கிகளுக்குள் இருக்கும் இயற்பியல் அலுக்காத விஷயம்.

லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கம்பெனி 1912-ல் கொண்டுவந்த .375 மேக்னம் தோட்டாவை எடுத்துக்கொள்வோம் (.375 என்பது குண்டின் விட்டம், அங்குலத்தில்). குண்டின் எடை சுமார் 19.4 கிராம், குழல் வாயை விட்டுப் போகும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 770 மீட்டர். ஆற்றலைக் கணக்கிட்டால் 5,700 ஜூலுக்கு மேல் வரும். ரைஃபிள் கிளப்பில் பழகும் .22 துப்பாக்கியின் குண்டுக்கு இது 140 ஜூல் அளவில்தான்.

விசையை இழுத்ததும் ஊசி தோட்டாவின் அடியில் உள்ள கேப்பைத் தட்டுகிறது, பொறி மருந்துக்குப் போகிறது, மருந்து எரிந்து வாயுவாகிறது. உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல 4,000 மடங்குக்கு மேல் ஏறும். இந்த நேரத்தில் பித்தளைக் கூடு சும்மா இருப்பதில்லை. அது உப்பி அறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, வாயு பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் கொஞ்சம் சுருங்கிச் சுவரை விடுகிறது. அப்படி விட்டால்தான் காலிக் கூட்டை வெளியே இழுத்து அடுத்ததை ஏற்ற முடியும்.

அந்தக் காலத்து மருந்து கார்டைட். வெயிலில் சூடேறினால் வேகமாக எரியும், அழுத்தம் கூடிவிடும். லண்டன் குளிரில் ஒழுங்காக வேலை செய்த தோட்டா, சித்திரை வெயிலில் பவானி ஆற்றோரம் கிடந்தால் நிலைமை வேறு. அழுத்தம் மிஞ்சினால் கூடு அறையிலேயே இறுகிக்கொள்ளும். எதிரே காயம்பட்ட காட்டெருமை நிற்க, கையில் திறக்க முடியாத துப்பாக்கி! இதற்காகவே பழைய பெருந்தோட்டாக்களின் கூட்டை நீளமாக, வாய்ப்பக்கம் குறுகிக்கொண்டே போகும்படி வைத்தார்கள். சாய்ந்த சுவர் என்பதால் ஒரு நூல் நகர்ந்தாலே பிடி விட்டுவிடும். .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற பெருந்தோட்டா இன்னும் ஒரு படி மேல். தாராளமான கூடு, அழுத்தமோ .375-ல் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. வெப்ப நாடுகளுக்கென்றே மருந்தைக் குறைத்த தோட்டாக்களும் விற்பனையில் இருந்தன. வெளித்தோற்றத்தில் இந்தத் தோட்டாக்களின் பருமனைப் பார்த்து மிரள்கிறோம். அதில் பாதி முரட்டுத்தனமல்ல, முன்ஜாக்கிரதை.

இனி உதைக்கு வருவோம். பள்ளியில் படித்த உந்தக் கணக்கே போதும். குண்டின் 0.0194 கிலோவை 770-ஆல் பெருக்கினால் சுமார் 15. அதோடு கணக்கு தீரவில்லை. குண்டின் பின்னால் சீறிப் போகும் வாயுவுக்கும் எடை உண்டு. 5 கிராம் மருந்துதான், ஆனால் குண்டைவிட வேகமாக வெளியேறுவதால் இன்னும் 6, 7 சேர்கிறது. மொத்தம் 21 என்று வைப்போம். துப்பாக்கி 4 கிலோ என்றால், அது நொடிக்கு 5 மீட்டருக்குச் சற்று மேலான வேகத்தில் தோளை நோக்கி வரும். உதையின் ஆற்றல் 55 ஜூல். அதே தோட்டாவை 5 கிலோ துப்பாக்கியில் சுட்டால் 44 ஜூலாகக் குறைகிறது. யானைத் துப்பாக்கி கனமாக இருப்பதன் முதல் காரணம் இதுதான். ஆனால் நாள் முழுக்க மலையில் தூக்கி நடக்க வேண்டியவனுக்கு ஒவ்வொரு கால் கிலோவும் பாரம். அதனால் எடையை எங்கே கூட்டுவது, எங்கே குறைப்பது என்பதில் துப்பாக்கி செய்பவர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

குழலின் வாயில் பக்கவாட்டுத் துளைகள் போட்ட பிரேக்கை மாட்டினால் வாயு பக்கவாட்டில் திரும்பும், உதை நன்றாகவே குறையும். கூடவே சத்தம் பக்கத்தில் நிற்பவரின் காதைப் பிளக்கும். சுடுபவருக்குச் சுகம், உடன் வருபவருக்குத் தண்டனை. எனக்கென்னவோ இது அவ்வளவு நல்ல பேரமாகத் தெரியவில்லை.

மிச்சமெல்லாம் கட்டையில் இருக்கிறது. வால்நட் மரத்தில் செதுக்கும் பின்கட்டையின் நீளம் ஆளின் கைக்குப் பொருந்த வேண்டும். குட்டையாக இருந்தால் கட்டைவிரல் மூக்கில் இடிக்கும். தொலைநோக்கி மாட்டியிருந்தால் அதன் விளிம்பு புருவத்தைக் கிழிக்கும். கன்னம் படியும் மேல்விளிம்பு பின்பக்கம் மிகவும் தாழ்ந்திருந்தால் துப்பாக்கி நேராகப் பின்னால் வராமல் மேல்நோக்கிச் சுழன்று கன்னத்தைத் தாக்கும். அதனால்தான் நன்றாகச் செய்தவற்றில் மேல்விளிம்பு கிட்டத்தட்ட நேராக ஓடும். பின்முனையை அகலமாக்கி ரப்பர் திண்டு வைத்தால் உதையின் அளவு குறையாது. அது வந்து சேரும் நேரம் நீள்கிறது, பரப்பு விரிகிறது. தோளுக்கு அந்த வித்தியாசமே போதும்.

உதை ஆளுக்கு மட்டுமல்ல, மரத்துக்கும் எமன். குழலும், தோட்டாவை ஏற்றிச் சுடும் இயக்கப் பகுதியும் ஒவ்வொரு முறையும் மரத்தை உள்ளிருந்து பிளக்கப் பார்க்கும். அதைத் தடுக்க அடியில் ஒரு உருக்குப் பல் மரத்தின் பள்ளத்தில் அப்பி உட்கார்ந்திருக்கும். குறுக்கே போல்ட்டுகளும் ஓடும். இந்தப் பல்லுக்கும் மரத்துக்கும் இடையே காகிதம் நுழையும் இடைவெளி இருந்தால்கூட, நாளடைவில் கட்டையில் விரிசல் விழும். இன்று அந்த இடத்தில் எபாக்ஸிப் பசை ஊற்றி இறுக்குகிறார்கள்.

இந்தத் துப்பாக்கிகளில் எனக்கு ஆகப் பிடித்தது இரட்டைக் குழல். பக்கம் பக்கமாக இரண்டு குழல், இரண்டும் ஒரே இடத்தில் சுட வேண்டும். இணையாக வைத்து ஒட்டினால் போதாதா? போதாது. குண்டு வாயைத் தாண்டும் முன்பே துப்பாக்கி 3 மில்லிமீட்டர் அளவு பின்னால் நகர்ந்துவிடுகிறது, அதோடு சுழலவும் தொடங்குகிறது. வலக்குழல் தோளுக்கு வலப்புறமாக இருப்பதால் சுடும்போது வலப்பக்கம் இழுக்கும், இடக்குழல் இடப்பக்கம் இழுக்கும், பழகாத காங்கேயம் காளை ஜோடியை நுகத்தில் பூட்டிய மாதிரி. அதனால் இரண்டு குழல்களையும் வாய்ப்பக்கம் லேசாக உள்நோக்கிச் சாய்த்து ஒட்டுவார்கள். எவ்வளவு சாய்வு என்பதைக் கணக்கு போட்டு முழுசாகச் சொல்லிவிட முடியாது. சுட்டுப் பார்க்க வேண்டும். இலக்கில் துளைகள் விலகியிருந்தால், வாய்களுக்கு நடுவில் உள்ள சின்ன ஆப்பைச் சூடாக்கி, ஈயப்பற்று இளகியதும் ஒரு மயிரிழை நகர்த்தி, ஆறவிட்டு, மறுபடி சுட வேண்டும். துளைகள் ஒட்டுக்கா விழும்வரை இதேதான் வேலை. இரட்டைக் குழல் துப்பாக்கி விலையில் கார்களோடு போட்டி போடுவதற்கு இந்தப் பொறுமையும் ஒரு காரணம்.

இவ்வளவு பாடுபட்டுச் சரிசெய்ததும் ஒரே வகைத் தோட்டாவுக்குத்தான் பொருந்தும். குண்டு மெதுவாகப் போனால் குழலுக்குள் கூடுதல் நேரம் இருக்கும், அதற்குள் குழல் அதிகம் விலகிவிடும், துளைகள் பிரியும். வேகமாகப் போனால் ஒன்றையொன்று கடந்து குறுக்காக விழும். வெயிலில் சூடேறிய கார்டைட் இந்த வகையிலும் தொல்லை கொடுத்திருக்கும் என்பதை யூகித்துக்கொள்ளலாம்.

புரிகளின் வேலை குண்டைச் சுழற்றுவது. .375-ல் 30 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்றால், வெளியேறும் குண்டு நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் சுற்று சுழல்கிறது. சுழலாவிட்டால் தலைகுப்புறப் புரளும்.

இத்தனை பலமும் தேவைதானா? ஸ்காட்லாந்துக்காரரான வால்டர் பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார். பெரும்பாலானவற்றை 11 கிராம் குண்டு போடும் 7 மில்லிமீட்டர் துப்பாக்கியால். அந்தக் கணக்கைப் பெருமையாகச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் காரணம் முக்கியமானது. யானையின் மூளை, காற்றறைகள் நிறைந்த தடித்த எலும்புக்குள் ஆழத்தில் இருக்கிறது. நீளமான, கெட்டியான, உருக்குலையாத குண்டு நேராகத் துளைத்துப் போனால் போதும். பெல் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து அந்த இடத்தைத் தெரிந்துவைத்திருந்தார். உதை குறைந்த துப்பாக்கி என்பதால் கை நடுங்கவில்லை.

இப்போது நம் ஊரில் யானையை நோக்கி நீளும் துப்பாக்கி மயக்க ஊசித் துப்பாக்கி. 2019-ல் தடாகம் பகுதியில் சின்னத்தம்பி என்ற காட்டு யானையைப் பிடித்தபோதும், காட்டில் விட்ட பிறகு உடுமலைப் பக்கம் வந்து கரும்புக்காட்டில் நின்றபோதும் எல்லோரும் டிவியில் பார்த்தோமே, அந்த வகைதான். இதில் கணக்கு தலைகீழ். உதை என்று சொல்ல எதுவும் இல்லை. பலம் மிஞ்சிவிடக் கூடாது என்பதுதான் கவலை. ஊசி அதிக வேகத்தில் போனால் தசையைச் சிதைக்கும், குறைந்தால் தடித்த தோலில் பட்டு விழும். அதனால் வெடிமருந்துக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வாயு, அதன் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு. தூரத்தை அளந்து அதற்கேற்ப அழுத்தத்தை வைக்க வேண்டும். ஊசி பாய்ந்ததும் அதன் பக்கத் துளையை மூடியிருந்த சிலிகான் உறை பின்னால் நகர்கிறது, உள்ளே முன்பே அடைத்து வைத்த காற்று மயக்க மருந்தைத் தசைக்குள் தள்ளுகிறது. யானை உடனே விழாது. மருந்து வேலை செய்யச் சில நிமிடங்கள் பிடிக்கும். அதுவரை கும்கிகளும் ஆட்களும் விலகிப் பின்தொடர்ந்தபடி இருக்க வேண்டும்.