கிளிப்லெஸ் பெடல் ‘பிடியில்லா மிதி’ அல்ல

காலணியைப் பூட்டிப் பிடித்துக்கொள்ளும் சைக்கிள் மிதிதான் கிளிப்லெஸ் பெடல். அதற்குப் ‘பிடியில்லா மிதி’ என்ற தமிழாக்கத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது. அதை நம்பி வாங்கிய பாளையங்கோட்டைத் தம்பி ஒருவர் வண்ணார்பேட்டைப் பக்கம் சைக்கிளோடு சாய்ந்து முழங்கை சிராய்த்து வந்தார். “பிடி இல்லன்னுதான அண்ணாச்சி போட்டிருந்தான், பொறவு ஏன் கால் வரல?” என்றார். நியாயமான கேள்வி.

பழைய பந்தய சைக்கிள் மிதியில் கால்விரலைச் செருக ஒரு கூடும், ஒரு வாரும் இருக்கும். அந்தக் கூடுதான் டோ கிளிப். 1984இல் லுக் நிறுவனம் பனிச்சறுக்கில் காலணியைப் பலகையோடு பூட்டும் முறையை மிதிக்குக் கொண்டுவந்தது. மறு வருஷமே பிரெஞ்சு வீரர் பெர்னார் ஈனோ அந்த மிதியோடு டூர் டி பிரான்ஸை வென்றார். கிளிப்லெஸ் என்றால் அந்த டோ கிளிப் இல்லாதது; போனது கூடு மட்டும்தான். பிடி முன்னைவிட இறுகியது. ஆகவே பூட்டுமிதி என்பதே சரி. மாட்டை வண்டியில் பூட்டுகிறோம், அவிழ்க்கிறோம். இங்கே குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் அவிழும். வண்டி நிற்கும் முன்பே திருப்பிவிட வேண்டும்.

அடுத்தது கிளீட், அதாவது காலணியின் அடியில் திருகி மாட்டி மிதியில் பூட்டுகிற துண்டு. அந்தச் சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் கட்டி, ஆப்பு என்று பொருள். அதை வைத்துச் சிலர் ‘ஆப்பு’ என்றே எழுதுகிறார்கள். ஆப்பு பிளப்பதற்கு அடிப்பது. அதோடு, ‘ஆப்பு வச்சிட்டான்’ என்று நாள்தோறும் பேசுகிற ஊரில் அதைக் காலணியில் மாட்டச் சொல்லலாமா? ‘கவ்வி’ என்பது இன்னும் மோசம். கவ்வுவது மிதி; கவ்வப்படுவது கிளீட். பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் அகராதியை மட்டும் புரட்டினால் இப்படித்தான் ஆகும். செருப்புக்கு அடிக்கிற லாடம் எல்லாருக்கும் தெரியும். அடியில் இருக்கும், தேயும், மாற்ற வேண்டும். லகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது என்பவர்கள் இலாடம் என்று எழுதட்டும், எனக்குச் சம்மதம்.

லாடம் என்று சொன்னாலே அதைக் காக்கவும் தோன்றும். பாபநாசம் போகிற வழியில் டீக்கடைச் சரளையில் நடந்தால் மூன்று திருகு பிளாஸ்டிக் லாடம் சீக்கிரம் தேய்ந்துவிடும். ரப்பர் உறையை ஜெர்சிப் பையில் வைத்திருங்கள். ஷிமானோ நிறுவனத்தின் எஸ்பிடி வகை, இரண்டு திருகு லாடம் உலோகம், காலணிக் குழிக்குள் இருப்பதால் நடக்கத் தோது. ஆனால் செம்மண் அப்பிக்கொண்டால் பூட்டும்போது வருகிற ‘டக்’ என்ற சத்தமே வராது, குச்சியால் நோண்டித்தான் எடுக்க வேண்டும். மாற்றும்போது, பழையதைக் கழற்றும் முன் அதைச் சுற்றி மார்க்கரால் கோடு போடுங்கள். இடம் கொஞ்சம் விலகினாலும் முழங்கால் வலிக்கும். அப்புறம் திருகில் துளி கிரீஸ் தடவி, 5–6 நியூட்டன் மீட்டருக்கு முறுக்குங்கள்.