லூபஸ், லைம்: கடிக்காத ஓநாயும் கடித்த உண்ணியும்

லூபஸ் என்ற நோயின் பெயருக்கு லத்தீனில் ஓநாய் என்று பொருள். முகத்துச் சதையை அரித்துக்கொண்டே போகும் புண்களைப் பார்த்த இடைக்கால ஐரோப்பிய மருத்துவர்களுக்கு, ஓநாய் குதறியது போல் தெரிந்திருக்கிறது. அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. தோலில் வரும் காசநோய்க்குக்கூட ‘லூபஸ் வல்காரிஸ்’ என்றுதான் பெயர். அதற்கு ஒளி சிகிச்சை கண்ட மருத்துவர் நீல்ஸ் ஃபின்சனுக்கு 1903இல் நோபல் பரிசே கிடைத்தது.

இன்றைய லூபஸ் வேறு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குவது. தோல் சிவப்பதால் ‘எரிதிமாட்டோசஸ்’, உள்ளுறுப்புகளையும் தொடுவதால் ‘சிஸ்டமிக்’. ‘சிஸ்டமிக் லூபஸ் எரிதிமாட்டோசஸ்’ என்ற முழுப் பெயர் வார்டில் சுருங்கி எஸ்.எல்.ஈ.

இதைத் தமிழில் ஓநாய் நோய் என்று பெயர்த்தால் என்ன ஆகும்? பெயருக்குப் பொருள் கேட்ட ஒரு அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “எங்க பொண்ண நாய் எதுவும் கடிக்கலையே சிஸ்டர்” என்றார். அன்றோடு விட்டுவிட்டேன். நோயின் வகைக்குத் ‘தன்னெதிர்ப்பு நோய்’ நல்ல சொல். பெயர் லூபஸாகவே இருக்கட்டும். கன்னத்திலிருந்து மூக்கைத் தாண்டி மறு கன்னம் வரை படரும் சிவப்பை மட்டும் ‘பட்டாம்பூச்சித் தடிப்பு’ என்று சொல்லிப் பாருங்கள், வீட்டார் உடனே கையால் வரைந்து காட்டுவார்கள்.

கவனிப்பிலும் கடியைத் தேடும் வேலை இல்லை. சிறுநீர் நுரைக்கிறதா, காலையில் முகமும் காலும் வீங்குகிறதா என்று கேட்க வேண்டும்; சிறுநீரகம் பாதிக்கப்படுவது அப்படித்தான் தெரியவரும். வெயில் நோயைக் கிளப்பும். காய்ச்சல் வந்தால் ‘சாதாரணக் காய்ச்சல்தானே’ என்று இருக்கக்கூடாது. முகம் உப்புகிறது என்று ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக நிறுத்துவதுதான் எனக்குப் பெரிய பயம்.

லைம் நோயின் கதை நேர் எதிர். இதில் கடி உண்மை. எலுமிச்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. லைம் என்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் ஊர். 1970களின் நடுவில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்க, இது தற்செயல் அல்ல என்று விடாமல் முறையிட்டவர்கள் அங்கிருந்த தாய்மார்கள்தான். மான் உண்ணி வழியாகப் பரவும் கிருமி அது என்று விஞ்ஞானி வில்லி பர்க்டார்ஃபர் 1980களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தார். கிருமிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது.

உண்ணியைப் பிடுங்கத் தீக்குச்சியும் வேண்டாம், மண்ணெண்ணெயும் வேண்டாம். நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். பிறகு சில வாரங்களுக்கு அந்த இடத்தில் சிவப்பு வட்டம் விரிகிறதா என்று பார்க்க வேண்டும். நோய் வந்தால் பலருக்கும் டாக்ஸிசைக்ளின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை கொடுப்பார்கள். அந்த மாத்திரை சாப்பிடும்போதும் வெயில் ஆகாது.

சரி, லைமுக்குத் தமிழ்? ‘உண்பது’ என்ற பொருளில் உண்ணி என்று ஏற்கெனவே அழகான சொல் இருக்கிறது. ஆனால் உண்ணிக் காய்ச்சல் என்று எழுத முடியாது. தமிழ்நாட்டில் அந்தப் பெயர் ஸ்கிரப் டைஃபஸ் என்ற வேறொரு பூச்சிக்கடிக் காய்ச்சலுக்குப் போய்விட்டது; கடித்த இடத்தில் கருப்புப் பொருக்கு இருப்பது அதன் அடையாளம். கேஸ் ஷீட்டில் அப்படி எழுதினால், அடுத்த ஷிப்ட் சிஸ்டர் சிவப்பு வட்டத்தை விட்டுவிட்டு அக்குளிலும் தொடை இடுக்கிலும் அந்தப் பொருக்கைத் தேடிக்கொண்டிருப்பார். அதனால் நான் ‘லைம் நோய்’ என்றே எழுதுகிறேன், பக்கத்தில் ‘உண்ணிக் கடி’ என்று சேர்த்து.