அந்த மூன்று வருஷத்தை ஏன் அழித்தீர்கள்?

போன வாரம் கீழக்கரையிலிருந்து ஒரு பெண் தன் உம்மாவோடு வீட்டுக்கு வந்திருந்தாள். இந்த வருஷம் இப்படி வேலை மாற யோசனை கேட்டு வந்தவர்களில் இவள் ஐந்தாவது ஆள். ஃபேஷன் டிசைன் படித்தவள். திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மூன்று வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியிருக்கிறாள். இனி பிராடக்ட் மேனேஜர் ஆக வேண்டுமாம், அதாவது ஓர் ஆப்பில் என்ன இருக்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்று முடிவு செய்கிற ஆள். ரெஸ்யூமை நீட்டினாள். அதில் திருப்பூரையே காணோம். ஓர் ஆன்லைன் சான்றிதழ், சாப்பாடு டெலிவரி ஆப் ஒன்றை மாற்றி வரைந்த படங்கள், தொழில்நுட்பத்தில் தீராத ஆர்வம் என்று ஒரு வரி. அவ்வளவுதான்.

"திருப்பூர் எங்கேம்மா?"

"கோர்ஸ்ல எடுக்கச் சொன்னாங்க லாத்தா. துணி அனுபவமெல்லாம் ஐடியில எடுபடாதாம்."

எனக்கு வந்த எரிச்சலில், உம்மா ஆசையாகக் கொண்டுவந்திருந்த தொதல் இனிப்பைக்கூட வெகுநேரம் தொடவில்லை. நானும் திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது வாங்குகிற நிறுவனத்துக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் ஆர்டரைப் பார்த்துக்கொள்ளும் ஆளாக இருந்தவள்தான். அங்கிருந்து ஆயத்த ஆடை நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்யும் ஓர் இடத்துக்குப் போய், பிறகு இந்த பிராடக்ட் மேனேஜர் வேலைக்கு வந்தேன். அதனால் ஆடைத் துறையிலிருந்து இந்தப் பக்கம் வர நினைக்கிற உங்களுக்கு இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக் பேக், அதாவது ஓர் உடுப்பை எப்படித் தைக்க வேண்டும் என்ற முழுக் குறிப்பு, எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? துணி என்ன, எத்தனை ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), எந்தத் தையல், தோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அரை இன்ச் கூடினால் ஒத்துக்கொள்ளலாமா கூடாதா. ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையரும் திருப்பூர் கட்டிங் மாஸ்டரும் ஜென்மத்தில் சந்திக்கப் போவதில்லை. நடுவில் இருப்பது உங்கள் தாள் மட்டும்தான். அதில் ஒரு வரி குழப்பமாக இருந்தால் பத்தாயிரம் சட்டையில் அந்தக் குழப்பம் தைக்கப்பட்டு வரும். புரோகிராமருக்கு நான் இன்று எழுதித் தருவதும் இதே மாதிரி தாள்தான். பெயர் மட்டும் வேறு.

அளவு பார்க்க ஒரு மாதிரிச் சட்டை, அதாவது ஃபிட் சாம்பிள் அனுப்பினீர்கள். பையர் நாலு குறை சொன்னார். திருத்தி மறுபடி அனுப்பினீர்கள். அது சரியான பிறகுதான் பல்க், அதாவது மொத்த ஆர்டரும் தையலுக்குப் போகும். முழுசாகச் செய்துவிட்டுத் தப்பைக் கண்டுபிடிக்காதே, சின்னதாகச் செய்து காட்டு என்று மென்பொருள்காரர்கள் மாநாடு போட்டுப் பேசுவதை, நீங்கள் கூரியர் கவரில் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தீர்கள்.

விலை இடிக்கிறது என்று பையர் அழுத்தும்போது பாக்கெட்டை எடுக்கலாமா, 180 ஜிஎஸ்எம்மை 160 ஆக்கலாமா, எதை எடுத்தால் வாங்குகிறவர் கோபப்பட மாட்டார் என்று யோசித்தீர்களே, அதைத்தான் நாங்கள் கண்ணாடி அறையில் உட்கார்ந்து 'பிரையாரிட்டைசேஷன்' என்கிறோம். கட்டிங் மாஸ்டர் உங்களுக்குக் கீழே வேலை பார்ப்பவரா? இல்லை. ஆனாலும் கப்பல் தேதிக்குள் அவரிடம் வேலை வாங்கினீர்கள். பிராடக்ட் மேனேஜருக்கும் புரோகிராமர்கள் மேல் ஒரு அதிகாரமும் கிடையாது. மேனேஜர் என்ற சொல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். இந்த வேலையின் வேரே கணினியில் இல்லை. 1931-இல் அமெரிக்காவின் பிராக்டர் அண்ட் கேம்பிளில் சோப்பு விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்த நீல் மெக்எல்ராய், ஒவ்வொரு பொருளுக்கும் அதன் நல்லது கெட்டது முழுவதையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஒரு குறிப்பு எழுதினார். அங்கிருந்து வந்த வழி இது. சோப்பிலிருந்து வரலாமாம், சட்டையிலிருந்து வரக் கூடாதாம்!

எல்லாமே கைகொடுக்கும் என்று சொல்லவில்லை. சட்டை கப்பலேறினால் நம் கதை முடிந்தது. ஆப் வெளியான அன்றுதான் தலைவலி தொடங்கும். யார் உள்ளே வந்தார், எந்தத் திரையில் பாதியில் விட்டுப் போனார் என்று தினமும் எண்களைப் பார்க்க வேண்டும். எக்செலோடு நிற்காமல் எஸ்க்யூஎல் கொஞ்சம் படியுங்கள். கோடிங் பயம் வேண்டாம், இது சேமித்து வைத்த தகவல்களிடம் கேள்வி கேட்கும் மொழி. 'எனக்கு இது அழகாகத் தெரிகிறது' என்ற டிசைனர் பிடிவாதத்தையும் விட்டுவிட வேண்டும். எனக்கு அதுதான் கடைசிவரை போகவில்லை.

அந்தப் பெண்ணிடம், ஊருக்கு வந்த பிறகு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். சும்மாதான் இருக்கிறாளாம். உம்மாதான் குறுக்கே வந்தார்: "மாமியோட அபாயா யாவாரத்தை இவதானே பாக்குறா."

வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுத்து அபாயா தைத்து அனுப்பும் வியாபாரம். அபாயாவில் 54, 56 என்றால் உயரத்துக்கான இன்ச் கணக்கு. முதல்முறை வாங்குகிறவர்கள் சுடிதார் நினைப்பில் மார்பளவைச் சொல்லிவிடுகிறார்கள். போய்ச் சேர்ந்த உடுப்பு காலுக்கு எட்டாமல் திரும்பி வருகிறது. இவள் என்ன செய்தாள்? அளவு எண்ணைக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். 'வீட்டில் இருக்கும் பழைய அபாயாவைத் தரையில் விரித்து, தோளிலிருந்து கீழ் விளிம்புவரை டேப் வைத்து ஒரு போட்டோ அனுப்புங்கள்' என்று மாற்றினாள். திரும்பி வருவது வெகுவாகக் குறைந்துவிட்டதாம்.

இதை ஏனம்மா ரெஸ்யூமில் போடவில்லை?

"அது வீட்டு வேலைதானே லாத்தா."

நான் ஆள் எடுக்கும் நேர்காணல்களில் சாப்பாடு டெலிவரி ஆப் மறுவடிவமைப்பைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது. இந்த அபாயா போட்டோ மாதிரி ஒன்று வந்தால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பேன். எத்தனை திரும்பின, மாற்றிய பிறகு எத்தனை, போட்டோ அனுப்பச் சோம்பல்பட்டு ஆர்டரே போடாமல் போனவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்கு அவளிடம் பதில் இல்லை. இருக்க வேண்டும். போய் எண்ணச் சொல்லியிருக்கிறேன்.

நேர்காணலில் நான் கேட்கும் இன்னொரு கேள்வி: நம் கடற்கரை மீனவர்களுக்கு ஓர் ஆப். ஏப்ரல் நடுவில் பயன்பாடு படுத்துவிடுகிறது, ஜூன் நடுவில் எழுகிறது. ஏன்? பெரிய கல்லூரிப் பிள்ளைகள் ஆப்பில் கோளாறு தேடுவார்கள். ராமேஸ்வரத்திலோ மண்டபத்திலோ வளர்ந்த பிள்ளைக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்று தெரியும். தடை விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகு போகும், அதனால் கோடு பூஜ்யத்தைத் தொடாது என்பதும் தெரியும். இந்த அறிவையும் 'ஊர்க்கதை' என்று ஒளித்துவைக்கிறீர்கள்.

இனிக் காசு விஷயம். அவள் படித்த கோர்ஸுக்கு ஒன்றேகால் லட்சம். தவணையில் கட்டலாம் என்றார்களாம். அது தவணை இல்லை, உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் தரும் கடன். பாதியில் படிப்பை விட்டாலும் கடன் விடாது. ஓடிபி சொல்வதற்கு முன் கடன் தருவது யார் என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, வட்டி உட்பட முக்கிய விவரங்களைத் தனித் தாளாக முன்கூட்டியே தர வேண்டும். அபராதமில்லாமல் கடனிலிருந்து விலக ஓர் ஆரம்ப அவகாசமும் உண்டு. அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், தயவுசெய்து. 'நூறு சதவீதம் வேலை' என்றால் எழுத்தில் கேளுங்கள். தரமாட்டார்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள்.

சான்றிதழை மட்டும் பார்த்து நான் இதுவரை ஒருவரையும் எடுத்ததில்லை. வாசல் வேறு பக்கம் இருக்கிறது. ஆடை நிறுவனங்களுக்கான மென்பொருள் செய்யும் இடங்கள், ஆன்லைனில் உடுப்பு விற்கும் நிறுவனங்களில் அளவுப் பட்டியல், கேட்டலாக், ரிட்டர்ன் பார்க்கும் பிரிவுகள். அங்கே சட்டை தெரிந்த ஆள்தான் வேண்டும். உள்ளே போய் ஒன்றிரண்டு வருஷத்தில் பிராடக்ட் மேனேஜர் வேலைக்கு நகருங்கள். சம்பளம் முதலில் குறையலாம், வீட்டில் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

"வீட்டிலிருந்தே பாக்கலாம்னு சொன்னாங்களேம்மா?" என்றார் உம்மா. நான் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கேட்கிறார். என்ன சொல்ல? சென்னையில் ஆறு வருஷம் இருந்து, மாதம் ஒருமுறை சேது எக்ஸ்பிரஸில் தூங்காமல் ஊருக்கு வந்துபோன பிறகு கிடைத்த நாற்காலி இது. புதிதாக நுழைகிறவர்களுக்கு இதைத் தருகிறவர்கள் அபூர்வம். கோவை, சென்னை, பெங்களூரு என்று சில வருஷம் போகத்தான் வேண்டியிருக்கும்.

உம்மா மகளைப் பார்த்தார். வாப்பா துபாயில் இருக்கிறார், அவரிடம் கேட்க வேண்டும் என்றார். சரி, கேளுங்கள்.

ரெஸ்யூமைத் திருப்பிக் கொடுத்தேன். திருப்பூரை முதலில் போடு, அடுத்தது அபாயா, சாப்பாடு ஆப்பைக் கிழித்துப் போடு என்றேன். தலையாட்டினாள். வாசலில் செருப்பு மாட்டும்போதுதான் மெதுவாகச் சொன்னாள், கடனில் இன்னும் பதினோரு தவணை பாக்கியாம். அடுத்தது ஐந்தாம் தேதி.